முதல் இடத்தை விட்டு இறங்கலாமா?

தென்காசியிலிருந்து பேசுகிறேன். குற்றாலத்தில் சாரல் விழுகிற ஜூன் கடைசியில்தான் என்.பி.ஏ. டிராஃப்டும் நடக்கிறது; அப்போதெல்லாம் நேயர்கள் தவறாமல் கேட்பது, கையிலிருக்கும் உயர்ந்த இடத்தைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்குகிறவர்கள் எந்தக் கணக்கில் இறங்குகிறார்கள் என்பதே.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி தெரிந்தெடுப்பதே டிராஃப்ட்; அந்த வரிசை இடங்களை அணிகள் தமக்குள் கைமாற்றிக்கொள்வதும் உண்டு. நேரே விஷயத்துக்கு வருவோம். 2017-இல், மார்கெல் ஃபுல்ட்ஸ் என்ற பெயரே எல்லார் வாயிலும் அடிபட்டுக்கொண்டிருந்த சமயத்தில், முதல் இடத்தை வைத்திருந்த பாஸ்டன் அணி அதைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து, மூன்றாம் இடத்தையும் பிற்காலத்து முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் வாங்கிக்கொண்டு, ஜேசன் டேட்டத்தைத் தெரிந்தெடுத்தது. முதல் இடம் கையில் இருந்திருந்தாலும் டேட்டத்தையே எடுத்திருப்போம் என்றார் அதன் நிர்வாகி டேனி ஐஞ்ச். என் சித்தாந்தம் முழுவதும் அதில் அடக்கம்: இறங்கலாமா என்பதற்கு விடை அவரவர் சொந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

சீசனில் குற்றாலத்துப் பழக்கடையில் கூறுகட்டி வைத்த மங்குஸ்தான் மூன்று கூறும் ஒரே தரமாயிருந்தால், முதல் கூறை வேண்டுகிறவருக்கு விட்டு, அவர் தரும் அதிகப்படியை வாங்கிக்கொள்வது விவேகம். ஒன்று மட்டும் தனித்துச் சிறந்திருந்தால் எவர் என்ன ஆசை காட்டினாலும் அசையலாகாது.

2018-இல் அட்லாண்டா அசைந்தது. பத்தொன்பது வயதிலேயே ரியல் மாட்ரிட்டுடன் யூரோலீக் கோப்பையை வென்று, அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றிருந்த லூகா டான்சிச்சை மூன்றாம் இடத்தில் எடுத்து, டாலஸுக்குக் கொடுத்து, ஐந்தாம் இடத்து ட்ரே யங்கையும் மறு ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் பெற்றுக்கொண்டது. யங் அபாரமான ஆட்டக்காரர். 2021-இல் அணியைக் கிழக்குப் பிரிவின் இறுதி வரை கொண்டுபோனார். ஆயினும் டான்சிச்சை அவருக்குச் சமமாகப் பட்டியலிட்டது தவறு என்பதே என் திடமான அபிப்பிராயம். 2024 இறுதிப் போட்டியில், இறங்கி டேட்டத்தைப் பெற்ற பாஸ்டனும், ஏறி டான்சிச்சைப் பெற்ற டாலஸுமே எதிரெதிர் நின்றன. பாஸ்டன் 4-1 என்று வென்றது. இருவரும் தத்தம் பட்டியலை நம்பியவர்கள்!

பட்டியல் என்றதும் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வருகிறார். கம்பராமாயணத்தின் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் கம்பன் வாக்கு இது, இடைச்செருகல் இது என்று, பண்டிதர்களின் கண்டனத்தைப் பொருட்படுத்தாமல், தம் ரசனையையே துணையாகக் கொண்டு பிரித்தெடுத்தார். அவர் முடிவுகளை மறுப்பவர் உண்டு. அந்தத் தைரியம் மாத்திரம் ஆட்டக்காரரைத் தேர்பவருக்கும் அவசியம் வேண்டும்.

நேரம் குறைந்துவிட்டது, பிரயோஜனமானதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று: உங்கள் பட்டியலில் மூவர் சமமானால் இரண்டு படி இறங்கலாம், மூன்றாவது படி ஆபத்து. இரண்டு: இடையில் தேர்பவர் யாரை விரும்புகிறார் என்று பாருங்கள், 2017-இல் இரண்டாம் இடத்து லேக்கர்ஸின் நாட்டம் லோன்சோ பால் மீது இருந்ததால் பாஸ்டனுக்குப் பயமில்லை. மூன்று: எதிர்காலத் தேர்வைக் குறைத்தே மதியுங்கள், பாஸ்டன் பெற்றது 2019-இல் 14-ஆம் இடமாகச் சுருங்கியது. 1980-இல் அதே பாஸ்டன் முதல் இடத்தையும் பதின்மூன்றாம் இடத்தையும் கொடுத்து, மூன்றாம் இடத்தோடு ராபர்ட் பாரிஷையும் வாங்கி, கெவின் மெக்ஹேலைத் தேர்ந்தது. கைக்கு வந்த ஆட்டக்காரரே நிச்சயமான லாபம். நான்கு: இரண்டாம் சுற்று வரை இறங்காதீர்கள், 2015-இல் 52-ஆம் இடத்தில் தேர்வான நம் சத்னாம் சிங்குக்கு என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட வாய்க்கவில்லை.

பட்டியலை முடித்த பிறகே பேரத்துக்கு உட்காருங்கள்.