பாலுண்ணியும் காரமும்

ஓமந்தைப் பக்கத்துக் குளக்கட்டுக்களிலும் வேலியோரங்களிலும் எருக்கலை தானாக முளைத்துத் தானாகத் தழைத்து நிற்கும். பிள்ளையின் விரலிற் பாலுண்ணியொன்று அரும்பினால், வவுனியா வைத்தியசாலைக்குப் பஸ் வண்டி ஏறுமுன் அந்த எருக்கலையை நாடுவோர் இன்றும் உளர். இலையைக் கிள்ளினாற் பால் வடிகிறது, காசு செலவில்லை, முன்னோர் கைகண்ட மருந்தென்ற நம்பிக்கையும் துணை நிற்கிறது. ஆனால் முன்னோரின் வைத்திய நூல், சுட்டழிக்கும் மருந்தை இவ்வளவு எளிதாகக் கையாளச் சொல்லவில்லை.

ஆயுள்வேதத்தின் அறுவை நூலாகிய சுசுருத சங்கிதை, தோலின்மேல் முளைபோல் இறுகித் தோன்றும் இவ்வளர்ச்சியைச் சர்மகீலம் என்கிறது. தோலில் அறைந்த முளை என்பது அதன் பொருள். வியான வாயு கபத்தோடு கூடித் தோலின் புறத்தே இதனைத் தோற்றுவிக்கிறதென்பது அந்நூலின் விளக்கம். இக்கால விஞ்ஞானம் காட்டும் காரணம் வேறு. 1907 ஆம் ஆண்டில் சியூஃபோ என்னும் இத்தாலிய வைத்தியர், பாலுண்ணியை அரைத்து, பற்றீரியாக்கள் புகமுடியாத வடியில் வடித்தெடுத்த நீரினாலேயே புதிய பாலுண்ணி தோன்றுவதைக் கண்டறிந்தார். காரணம் ஒரு வைரசு. மனித பப்பிலோமா வைரசு எனப்படும் அதில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உள. கையிலும் காலிலும் பாலுண்ணியை உண்டாக்குபவை அவற்றுட் சிலவே. தோலிலுள்ள நுண்ணிய வெடிப்பு வழியாக அது உட்புகுகிறது. நீரில் ஊறி மென்மையான தோல் அதற்கு நல்ல வாயில்.

காரணத்தை விளக்குவதில் வேறுபட்டாலும், சிகிச்சையிற் சுசுருதர் காட்டும் நுட்பம் வியப்புக்குரியது. சர்மகீலத்தை ஆயுதத்தாற் களைந்து, எஞ்சியதைக் காரத்தினாலோ நெருப்பினாலோ சுடவேண்டுமென்பது அவர் முறை. நாயுருவி, எருக்கு, கள்ளி முதலிய செடிகளை எரித்த சாம்பலை ஆறு பங்கு நீரிற் கரைத்து, இருபத்தொரு முறை வடித்துக் காய்ச்சிக் காரம் எடுக்கப்படும். மென்மை, நடுத்தரம், கடுமை என அது மூவகைப்படும். நோயுள்ள இடத்தில் அதனை வைத்து, நூறு மாத்திரையளவு நேரம் மட்டுமே காத்திருக்க வேண்டும். இடம் கறுத்ததும், புளிப்புப் பொருளோடு நெய்யும் அதிமதுரமும் இட்டு எரிவை ஆற்ற வேண்டும். நெருப்பையொத்த காரத்தைப் புளிப்பு ஏன் தணிக்கிறது என்ற வினாவை நூலே எழுப்பி, புளிப்போடு சேர்ந்த காரம் தன் கடுமையை இழக்கிறதென்று விடையும் தருகிறது. இன்று மாணவர் பாடசாலை ஆய்வுகூடத்தில் அமிலமும் காரமும் நடுநிலையாதலைக் கற்கிறார்களல்லவா? ஏறக்குறைய அதுவே இது.

இவ்வளவு சொன்ன நூல், காரம் இடத்தகாதோரையும் நிரைப்படுத்துகிறது. மெலிந்தோர், முதியோர், கருவுற்ற பெண்கள் ஆகியோருடன் குழந்தைகளும் அந்நிரையில் உளர். பாலுண்ணி மிகுதியாகக் காணப்படுவதோ பிள்ளைகளிடத்து! சுண்ணாம்பையும் சவர்க்காரத்தையும் குழைத்துப் பிள்ளையின் விரலில் அப்பிவைப்பது, பெயர் சொல்லாமற் காரம் இடுவதேயாகும். வடித்த அளவுமில்லை, காத்திருக்கும் கணக்குமில்லை.

எருக்கலம்பாலின் தீங்கு கண்ணுக்கு. பால் பட்ட விரலாற் பிள்ளை கண்ணைக் கசக்கினால், கருவிழி வீங்கிப் பார்வை மங்கலாம். வலி தெரியாமலே மங்குவதும் உண்டு; வலியில்லையே என்று வீட்டார் வாளாவிருந்துவிடுவர். உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவி, கண் வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய பாதமும் இத்தகையதே. உள்ளங்காலிற் பால் சுட்டதை அவர் அறியார். புண் ஆழ்ந்து காலையே இழக்க நேரிடலாம். முகத்திலும் மறைவிடங்களிலும் தோன்றுவனவற்றிற் கைவைத்தியம் எவருக்கும் ஆகாது.

அப்படியானால் எருக்கலையாற் குணமடைந்தோம் என்போர் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. பிள்ளைகளிடையே செய்யப்பெற்று 1963 இல் வெளியான ஆய்வொன்றில், பாலுண்ணிகளில் மூன்றிலிரண்டு பங்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்தன. உடலின் எதிர்ப்பாற்றல் வைரசை அறிந்துகொண்டதும் அவை உதிர்ந்துவிடுகின்றன. தமிழகத்து வைத்தீசுவரன் கோவிலில் உப்பும் மிளகும் நேர்ந்து மரு நீங்கியோரும், குதிரைமயிர் கட்டி நீங்கியோரும் இக்கணக்கிற் சேர்ந்தவர்களாகவே இருக்கலாம். கடைசியாக எது செய்யப்பட்டதோ அதற்குப் புகழ் சேர்கிறது.

பொறுத்திருக்க இயலாதவருக்கு வழியுண்டு. சலிசிலிக்கமிலக் களிம்பை வைத்தியர் சொற்படி வாரக்கணக்கில் இட்டுவந்தால், தடித்த தோல் சிறிது சிறிதாகக் கரையும். நீரிழிவுள்ளோர் இதனையும் தாமாக இடலாகாது. மறை 196 பாகை செல்சியசுக் குளிரிலுள்ள திரவ நைதரசனால் உறையவைத்து நீக்கும் முறை வைத்தியசாலைகளில் உண்டு. சுதேச வைத்தியத்தை விரும்புவோர், பதிவுபெற்ற சித்த அல்லது ஆயுள்வேத வைத்தியரை நாடலாம். 1961 ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் தன்னுள் அடக்கியது. அப்பதிவு அச்சட்டத்தின் வழி வந்தது.

வருமுன் காப்பதிற் பழமையும் புதுமையும் முரண்படவில்லை. பாதங்களைக் கழுவித் தூய்மையாக வைத்தலையும், பாதரட்சை அணிதலையும், பாதத்துக்கு எண்ணெய் பூசுதலையும் சரக சங்கிதை நாள்தோறும் செய்யத்தக்கனவாக விதிக்கிறது. எண்ணெய் பூசிய பாதம் வெடிக்காதென்கிறது; வெடிப்பில்லாத தோலில் வைரசுக்கு வழியும் குறைவு. வயற்சேற்றில் நின்று திரும்புவோர் காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமறத் துடைத்து, இரவில் நல்லெண்ணெய் பூசிக்கொள்வது பெருஞ்செலவன்று. பலர் கூடிக் குளிக்குமிடத்திற் செருப்பு வேண்டும். பாலுண்ணி உள்ளவரின் துவாயும் சவரக் கத்தியும் அவருக்கே உரியனவாதல் வேண்டும். நகம் கடிக்கும் பிள்ளைக்கு அது ஒரு விரலிலிருந்து மறுவிரலுக்குத் தாவும். பாலுண்ணியைக் கிள்ளுவதும் அத்தகையதே.

முதியவர் உடம்பிற் புதிதாகத் தோன்றி விரைந்து வளர்வது, இரத்தம் கசிவது, நிறம் மாறுவது, புண்ணாகி ஆறாதது ஆகியவற்றைப் பாலுண்ணியென்று வீட்டிலிருந்தே முடிவுசெய்தல் கூடாது. தோற்புற்றும் அவ்வாறே தொடங்கக்கூடுமாதலின், அதன்மேல் எப்பாலையும் தடவாமல், அவ்வாரத்திலேயே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.