எஸ்பிரிட் வருகிறதா? முதலில் கியர்பாக்ஸைப் பற்றிக் கேளுங்கள்

பினாங்கு சூலியா தெருவில் வெயில் இறங்கியதும் தள்ளுவண்டிக் கடைகள் வரிசைகட்டி நிற்கும். வாந்தான் மீ கொதிக்கும் ஆவிக்கும் மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றும் சத்தத்துக்கும் நடுவே, அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களின் கார்ப் பேச்சில் ஒரு பழைய பெயர் திரும்ப வந்திருக்கிறது: லோட்டஸ் எஸ்பிரிட். 2004இல் உற்பத்தி நின்றுபோன அந்த ஸ்போர்ட்ஸ் கார், வி8 எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட்டாகத் திரும்புகிறதாம். இப்போது விற்பனையில் உள்ள எமிராவிலும் இன்னும் வேகமான ஒரு வகை தயாராகிறதாம். இந்தப் பேச்சில் எவ்வளவு சாரம் இருக்கிறது?

எங்கோ இங்கிலாந்தில் நடக்கும் விஷயம் என்று மலேசியர்கள் இதை ஒதுக்கிவிட முடியாது. 1996இல் லோட்டஸை வாங்கியது நம் புரோட்டோன். 2017இல் சீனாவின் ஜீலி 51 விழுக்காட்டுப் பங்கை எடுத்துக்கொள்ளும்வரை, அந்த நிறுவனம் மலேசியப் பணத்தில்தான் மூச்சுவிட்டது. மீதி 49 விழுக்காடும் அப்போது எத்திக்கா ஆட்டோமோட்டிவ் என்ற இன்னொரு மலேசிய நிறுவனத்துக்கே போனது. 1990களின் இறுதியில் வந்த சத்ரியா ஜிடிஐயை நினைத்துப் பாருங்கள். 1.8 லிட்டர் எஞ்சின், ரெக்காரோ இருக்கைகள், லோட்டஸ் பொறியாளர்கள் கைவைத்த சஸ்பென்ஷன், அதைச் சொல்லும் சின்ன எழுத்துப் பட்டை. அந்தப் பட்டைக்காகவே அந்தக் காடியை விரும்பியவர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்களுக்கு எஸ்பிரிட் என்பது பாதி வீட்டுச் சொத்து.

1976இல் விற்பனைக்கு வந்த எஸ்பிரிட்டை வரைந்தவர் இத்தாலியின் ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ. கத்தரித்த காகிதம்போல் கூர்மையான உருவம், ஃபைபர் கிளாஸ் உடல், நடுவில் எஞ்சின். 1977இல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கடலுக்குள் பாய்ந்து நீர்மூழ்கியாக மாறியதும் உலகம் முழுக்க அதைத் தெரிந்துகொண்டது. ஆனால் முதல் எஸ்பிரிட்டின் எஞ்சின் 2 லிட்டர்தான், சுமார் 160 குதிரைத்திறன். லோட்டஸைத் தொடங்கிய கொலின் சாப்மன் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த கொள்கை, சக்தியைக் கூட்டுவதற்கு முன் எடையைக் குறை என்பது.

எஸ்பிரிட்டின் வரலாற்றில் வதந்திகளை எடைபோட உதவும் பகுதி அதன் கியர்பாக்ஸ். லோட்டஸ் சின்ன நிறுவனம். எஞ்சினைச் சொந்தமாகச் செய்யும் திறமை அதற்கு இருந்தது. அந்தச் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கியர்பாக்ஸுக்கு மற்றவர்களிடம் போக வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் சிட்ரோயனிடமிருந்து வாங்கினார்கள். 1980களின் இறுதியில் ரெனோவுக்கு மாறினார்கள். 1996இல், புரோட்டோன் உள்ளே வந்த அதே ஆண்டில், இரட்டை டர்போ பொருத்திய 3.5 லிட்டர் வி8 எஸ்பிரிட் வந்தது. அந்த எஞ்சினால் 500 குதிரைத்திறன்வரை தர முடியும் என்று சொல்லப்பட்டது. விற்பனைக்கு வந்த காரில் கிடைத்ததோ 350. காரணம், ரெனோ கியர்பாக்ஸின் பற்சக்கரங்கள் அதற்கு மேல் தாங்காது. உறுதியான புது கியர்பாக்ஸை உருவாக்கவோ, வேறு இடத்தில் வாங்கி அதற்கேற்பக் காரின் பின்பாதியையே மாற்றவோ பணம் இல்லை. எனவே எஞ்சினை அடக்கி வைத்தார்கள்.

“புதிய உயர்சக்தி வகை” என்ற செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அந்தச் சக்தியைத் தாங்கும் கியர்பாக்ஸ் யாருடையது? எஞ்சினின் குதிரைத்திறனைக் கூட்டுவது இன்றைக்குப் பெரிய வேலை இல்லை. டர்போவின் அழுத்தத்தையும் கணினி நிரலையும் மாற்றினால் நூறு கூட ஏறும். அதன் பிறகுதான் செலவு தொடங்குகிறது. கிளட்ச், கியர், குளிரூட்டி, பிரேக், டயர் எல்லாம் மாற வேண்டும். மாறிய ஒவ்வொன்றையும் மறுபடி சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

இந்தக் கேள்வியோடு எமிரா பற்றிய வதந்தியைப் பார்ப்போம். எமிராவின் நான்கு சிலிண்டர் எஞ்சின் மெர்சிடிஸ் ஏஎம்ஜி தருவது. எட்டு வேக இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸும் அங்கிருந்துதான் வருகிறது. தொடக்கத்தில் சுமார் 360 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், டர்போ எஸ்இ வகையில் 400 தருகிறது. மெர்சிடிஸின் சொந்த ஏ45 எஸ் காரில் அதே குடும்பத்து எஞ்சின் 421 தருகிறது. ஆக, இன்னும் கொஞ்சம் சக்தி கூட்டிய எமிரா நடக்கக்கூடிய காரியம். ஐந்நூறு, அறுநூறு என்று யாராவது சொன்னால் அதை நான் நம்பமாட்டேன்.

எஸ்பிரிட்டின் கதை வேறு. அது திரும்பி வருவதாகச் சொல்லப்படுவது இது முதல் முறை இல்லை. 2010 பாரிஸ் கார் கண்காட்சியில், அன்றைய தலைமை அதிகாரி டேனி பஹார், ஒரே மேடையில் ஐந்து புதிய லோட்டஸ்களை நிறுத்தினார். அவற்றில் ஒன்று எஸ்பிரிட்: 5 லிட்டர் வி8, சூப்பர்சார்ஜர், 620 குதிரைத்திறன், 2013இல் விற்பனை. இதை வதந்தி என்று சொல்லவே முடியாது. நிறுவனமே மேடையேறி, படமும் எண்ணும் ஆண்டும் கொடுத்துச் சொன்ன வாக்குறுதி அது.

ஆனாலும் கார் வரவில்லை. 2012 ஜனவரியில் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா, தன்னிடமிருந்த புரோட்டோனின் 42.7 விழுக்காட்டுப் பங்கை டிஆர்பி-ஹைகோமுக்கு விற்க ஒப்புக்கொண்டது. முதலாளி மாறியதும் கணக்குப் புத்தகங்கள் திறந்தன, செலவுகள் நின்றன. அதே ஆண்டு ஜூனில் பஹார் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஐந்து கார்களும் கண்காட்சி மேடையோடு முடிந்தன. இங்கிலாந்தின் ஹெத்தல் ஊரில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் எதிர்காலம் கோலாலம்பூரில் போட்ட கையெழுத்தால் மாறியது. கார் வருமா என்பதைப் பொறியாளரைவிடப் பங்குதாரர்தான் அதிகம் தீர்மானிக்கிறார் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை.

இன்றைய நிலைமை எப்படி? 2024 பிப்ரவரியில் லோட்டஸ் டெக்னாலஜி அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது. 2028க்குள் முழுக்க மின்கார் என்ற திட்டத்தை அதே ஆண்டில் தளர்த்தி, ஹைபிரிட் பக்கம் திரும்பினார்கள். வி8 ஹைபிரிட் என்ற பேச்சுக்கு உரம் போட்டது இதுதான். 2024 செப்டம்பரில் காட்டிய தியரி 1 என்ற மாதிரிக் காரின் கூர்மையான உருவமும் பழைய எஸ்பிரிட் பிரியர்களைக் கிளறிவிட்டது. அந்த மாதிரி முழு மின்கார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மறுபக்கம், 2025 ஆகஸ்டில் பிரிட்டனில் 550 பேர்வரை வேலை இழக்கலாம் என்று நிறுவனம் அறிவித்தது. ஆள் குறைக்கும் தொழிற்சாலையில் புதிய சூப்பர்கார் உருவாகவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஹைபிரிட் செய்தியையும் ஆட்குறைப்புச் செய்தியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

விதிகளும் குறுக்கே நிற்கின்றன. ஐரோப்பாவில் கார்களுக்கான இணையப் பாதுகாப்பு விதி 2024இல் இறுகியதும் போர்ஷே தன் பெட்ரோல் 718 கார்களில் பெரும்பாலானவற்றை அங்கே விற்பதை நிறுத்தியது. புதிய பாதுகாப்புக் கருவிகள் கட்டாயமானதால் டொயோட்டா ஜிஆர்86 ஐரோப்பாவை விட்டு வெளியேறியது. பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகாத இந்தச் செலவைச் சின்ன நிறுவனம் தாங்குவது கடினம்.

அப்படியே வந்தாலும் நம் ஊரில் அதை வைத்துக்கொள்ள என்ன செலவாகும்? தீபகற்ப மலேசியாவில் தனியார் காருக்கான சாலை வரி எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்தது. 3,000 சிசி தாண்டினால் 2,130 வெள்ளி, மேலே ஒவ்வொரு சிசிக்கும் 4.50 வெள்ளி. 1,991 சிசி எமிராவுக்கு ஆண்டுக்கு 375.50 வெள்ளி போதும். 3,456 சிசி வி6 எமிராவுக்கு 4,182 வெள்ளி. 2010இல் சொன்ன 5 லிட்டர் எஸ்பிரிட் வந்திருந்தால் ஏறக்குறைய 11,000 வெள்ளி ஆகியிருக்கும். ஹைபிரிட்டாக இருந்தாலும் பெட்ரோல் எஞ்சினின் அளவை வைத்துத்தான் கணக்கு. இறக்குமதி வரியும் கலால் வரியும் தனி.

வதந்தி எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். உருமறைப்பு ஒட்டிய கார் நூர்பர்க்ரிங்கில் ஓடிய படம் வந்தால் அதற்கு மதிப்புண்டு. பொருளும் பணமும் இறங்கிவிட்டன என்று அர்த்தம். வணிகப் பெயரைப் பதிவுசெய்த செய்திக்கு மதிப்பு மிகக் குறைவு. பழைய பெயரை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவும் நிறுவனங்கள் பதிவைப் புதுப்பிக்கும். தலைமை அதிகாரியின் பேட்டி இரண்டுக்கும் நடுவில். பங்குதாரர்களுக்குத் தரும் அறிக்கையில் ஆண்டும் முதலீட்டுத் தொகையும் இருந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

என் கணிப்பு: சற்றே சக்தி கூடிய எமிரா வரும். எஸ்பிரிட்டை நான் மனதார விரும்புகிறேன். ஆனால் கியர்பாக்ஸ் யாருடையது, பணம் யாருடையது என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வரும்வரை நம்பிக் காத்திருக்கமாட்டேன். இன்னும் பிறக்காத காருக்கு “முதல் வரிசை”யில் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் இறக்குமதித் தரகர்கள் உங்களையும் தேடி வரலாம். அதிகாரபூர்வ விநியோகிப்பாளர் விலையை அறிவித்து ரசீது தரும்வரை ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்காதீர்கள்.