தூளியும் தறியும்

தீபம் பார்க்கத் திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள், அதே மாவட்டத்து ஆரணியில் ஒரு பட்டுப் புடவையும் எடுத்துவருவது உண்டு. நேயர்களே, அதில் நெசவாளியின் கைவேலை மட்டுமா இருக்கிறது? பட்டு நூலை ராட்டையில் சுற்றித் தார் போட்டுக் கொடுக்காவிட்டால் தறி ஓடாது. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் பொறுப்பு. கைக்குழந்தைக்காரியானால், தூளிக் கயிற்றைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு ராட்டை சுற்ற வேண்டியதுதான்!

ஆபீசுக்குப் போகும் சகோதரிக்கு 1961-ஆம் வருஷத்துச் சட்டம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு தந்தது. 2017-இல் அது, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாயிற்று. வேலைக்குத் திரும்பிய பிறகும், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினம் 2 இடைவேளை உண்டு. தமிழக அரசு ஊழியருக்கோ 2021 முதல் ஒரு வருஷ விடுப்பு! நல்ல காரியம், குறை சொல்வதற்கில்லை.

கூலித் தறி வீட்டில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. புடவைக்கு இவ்வளவு என்று கூலி. அதுவும் பெரும்பாலும் நெய்கிறவர் பேரில்தான். தார் போட்டவளுக்குத் தனிக்கூலி ஏது? விடுப்பு யாரிடம் கேட்பது, புருஷனிடமா? பிரசவமாகி எத்தனையாவது நாள் அவள் வேலைக்குத் திரும்பினாள் என்று எந்தப் பதிவேட்டிலும் இராது. "வீட்டில்தானே இருக்கிறாள்" என்பார்கள் அக்கம்பக்கத்தார். அதற்குள் தறியிலிருந்து குரல் வந்துவிடும்: "தார் தீர்ந்துபோச்சு!"