கௌபோய்ப் படமும் எங்கள் படமும்

எண்பதுகளில் செட்டிபாளையத்தில் படம் பார்ப்பதென்றால் நாலைந்து வீட்டார் காசு சேர்த்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். கரண்ட் இல்லாவிட்டால் ஜெனறேற்றரும் வரும். விடியும்வரை படம் ஓடும். இன்று அதே ஊரில் கைபேசியைத் தட்டினால், 1903இல் எடுத்த 'த கிரேட் ட்ரெயின் ரொபரி' வருகிறது. பன்னிரண்டு நிமிடக் கௌபோய்ப் படம்.

மௌனப் படக் காலத்தில் இத்தகைய படங்களைப் பாதுகாக்க யாரும் நினைக்கவில்லை. ஓடித் தேய்ந்த ரீல்களை வெள்ளிக்காக உருக்கினார்கள். அமெரிக்காவின் முழுநீள மௌனப் படங்கள் ஏறக்குறைய 11,000. அசல் வடிவில் முழுமையாக மிஞ்சியவை 14 சதவீதம் என்கிறது 2013இல் வெளியான ஆய்வு. இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது, பெயர்பெற்ற படங்களைவிட, ஒருவரும் அறியாத படங்களைத்தான். 1908இன் 'த பேங்க் ரொபரி'யைப் பார்த்தால் அந்த மோகம் புரியும். ரயில் கொள்ளைக்காகச் சிறை சென்று மீண்ட அல் ஜென்னிங்ஸ் அதில் கொள்ளைக்காரனாகவே வருகிறார். இயக்கியவர் பில் டில்மன், கொள்ளையரைத் துரத்திப் பிடித்த உண்மையான காவல் அதிகாரி. பின்னாளில் எத்தனை கோடி கொட்டினாலும் அந்த முகங்களை வாங்கமுடியவில்லை.

பிழைத்தவை பல, தூர தேசத்தில் தங்கிப்போனதால் பிழைத்தவை. இயக்குநர் ஜோன் ஃபோர்டின் 'ஸ்ட்ரெய்ட் ஷூட்டிங்' (1917) செக்கோஸ்லோவாக்கியாவில் கிடைத்தது. அதே ஆண்டின் 'பக்கிங் புரோட்வே' பிரான்சில். திருப்பி அனுப்பும் கப்பற்கூலிக்குக்கூடப் பெறுமதியற்றவை என்று அன்று விடப்பட்ட பிரதிகள், நியூசிலாந்தில் எழுபத்தைந்து வரை அகப்பட்டன.

கௌபோய் நடிகர் ரொம் மிக்ஸ் நடித்த படங்களில் பெரும்பாலானவை 1937 ஜூலையில் ஃபொக்ஸ் நிறுவனக் களஞ்சியத்தோடு எரிந்தன. 1983 ஜூலையில் இலங்கையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. முன்னது வெக்கையில் தானாகப் பற்றியது, பின்னது இனக்கலவரத்தில் கொளுத்தப்பட்டது. இலங்கையின் எத்தனையோ படங்களின் நெகடிவ்கள் அங்கே போயின. அவற்றின் பிரதிகளுக்குத் தூர தேசப் பயணம் வாய்த்ததும் அரிது. அறுபதுகளின் தொடக்கத்தில் 16 மில்லிமீற்றரில் எடுத்த 'சமுதாயம்' இலங்கைத் தமிழ் சினிமாவின் முதற்படிகளில் ஒன்று. அதைப் பற்றி வாசித்திருக்கிறேன், பார்த்ததில்லை.

பழைய அலுமாரிகளில் கறள்பிடித்த ரீல் டப்பா ஏதும் இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். திறந்ததும் வினாகிரி மணம் வந்தால் பிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையிலும் பிரதி எடுக்கமுடியும், ஆனால் தாமதிக்கக்கூடாது.