கடையின் முதன்மை வரவு செலவுத் திட்டம்

மும்பை மாதுங்காவில் ஒரு சேலைக்கடை இருப்பதாகக் கொள்வோம். செப்டம்பரில் அக்கடைக்கு 40,000 ரூபாய் இலாபம் கிடைக்கும். ஆயினும் மாத இறுதியில் பணப்பெட்டி காலியாகி, மேலும் 30,000 ரூபாய் தேவைப்படும். இலாபம் வந்தும் பணம் குறைவது எவ்வாறு? இதனை முன்கூட்டியே காட்டுவதுதான் முதன்மை வரவு செலவுத் திட்டம்.

விற்பனை, கொள்முதல், செலவு, இலாபம், ரொக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே போடும் மதிப்பீடுகளை ஒன்றோடொன்று பிணைத்து இத்திட்டம் உருவாக்கப்படுகிறது. தொழிற்சாலையாயின் உற்பத்தித் திட்டம் இடம்பெறும். கடை பொருளை உற்பத்தி செய்வதில்லை. ஆதலால் கொள்முதல் திட்டமே அவ்விடத்தில் நிற்கும்.

முதலில் எழுதவேண்டியது விற்பனை மதிப்பீடு. இது பிழையானால் எல்லாமே பிழையாகும். சென்ற ஆண்டுக் கணக்கை அப்படியே எடுத்தெழுதுவோர் உண்டு. தீபாவளி 2023இல் நவம்பர் 12ஆம் நாளும், 2025இல் அக்டோபர் 20ஆம் நாளும் வந்தது. பண்டிகை நகர்ந்தால் விற்பனையும் நகரும். ஆகவே நாட்காட்டியைப் பாராமல் எழுதும் மதிப்பீடு பயன்படாது.

தீபாவளி அக்டோபரில் வரும் ஆண்டில், நம் கடையின் விற்பனை செப்டம்பரில் 4,00,000 ரூபாயாகவும், அக்டோபரில் 6,00,000 ரூபாயாகவும், நவம்பரில் 3,00,000 ரூபாயாகவும் இருக்கும் என்று கொள்வோம். 100 ரூபாய்க்கு விற்கும் சரக்கின் அடக்கவிலை 70 ரூபாய். எனவே செப்டம்பரில் விற்கும் சரக்கின் அடக்கவிலை 2,80,000 ரூபாய். அக்டோபருக்கு 4,20,000 ரூபாய்.

அடுத்தது கொள்முதல். ஒவ்வொரு மாத இறுதியிலும், அடுத்த மாதத் தேவையில் பாதிச் சரக்கு கடையில் இருக்கவேண்டும். தீபாவளிக்குச் சேலை வாங்க வந்தவரிடம் ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்று கூற இயலாது அன்றோ! செப்டம்பர் இறுதியில் 2,10,000 ரூபாய்ச் சரக்கு தேவை. தொடக்கத்தில் இருப்பது 1,40,000. ஆகவே வாங்கவேண்டியது 2,80,000 + 2,10,000 − 1,40,000 = 3,50,000 ரூபாய்.

வாடகை, சம்பளம், மின்கட்டணம் ஆகியவற்றுக்கு மாதம் 80,000 ரூபாய். விற்பனையிலிருந்து அடக்கவிலையையும் இச்செலவையும் கழித்தால் 40,000 ரூபாய் இலாபம்.

இனி ரொக்கத்தைப் பார்ப்போம். வாடிக்கையாளர் பாதித் தொகையை உடனே தருவர். மறுபாதியை அடுத்த மாதம் தருவர். செப்டம்பர் விற்பனையில் 2,00,000, ஆகஸ்டு பாக்கி 1,50,000, கையிருப்பு 50,000. ஆக 4,00,000 ரூபாய். மொத்த வியாபாரிக்கு ரொக்கமாகத் தரவேண்டியது 3,50,000, செலவு 80,000. ஆக 4,30,000 ரூபாய். துண்டு விழும் தொகை 30,000.

அப்படியாயின் இலாபம் எங்கே போயிற்று? அலமாரியில் சரக்கு 70,000 ரூபாய் கூடியிருக்கிறது. வரவேண்டிய பாக்கியும் 50,000 ரூபாய் கூடியிருக்கிறது. இலாபம் 40,000 மட்டுமே. எஞ்சிய 80,000 ரூபாயும் ரொக்கத்திலிருந்து சென்றது. இந்நிலையைத் திட்டத்தின் இறுதிப் பகுதியான இருப்புநிலைக் குறிப்பு காட்டும்.

ஆகஸ்டிலேயே இதனை அறிந்த கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் தவணை கேட்கலாம், பாக்கியைச் சற்று முன்னதாக வசூலிக்கலாம், வங்கியையும் நாடலாம். செப்டம்பர் இறுதியில் அறிபவருக்கு வட்டிக்கடையே கதி.

பயிற்சி: பற்றாக்குறையான 30,000 ரூபாயை வட்டியில்லாக் கைமாற்றாகப் பெற்று, அதனை அக்டோபரில் திருப்பித் தந்தால், அம்மாத இறுதியில் கையிருப்பு எவ்வளவு?