இறக்கத்தில் அடைபடும் வடிகட்டி

வாளையாரில் ஏறி, பாலக்காடு வழியாகத் திருச்சூர் வரை நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் டீசல் காரின் புகை வடிகட்டியை அதன் சொந்தக்காரர் பல வருடம் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டியிருக்காது. அதே கார் மூணாறு மலைப்பக்கம் பூப்பாறையிலோ தேவிகுளத்திலோ இருந்து, காலையில் பள்ளிக்கூடம், மாலையில் கடைவீதி என்று நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடினால், கொஞ்ச நாளிலேயே டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியலாம். அப்போது வண்டியைக் குறை சொல்வதற்கு முன், அது ஓடும் பாதையைப் பார்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 என்ற வாகனப் புகை விதி வந்தது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியேற்றலாம் என்றிருந்த துகளின் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது. எஞ்சினை மட்டும் திருத்தி அந்த அளவை எட்டுவது கடினம். அதனால் டி.பி.எஃப். எனப்படும் வடிகட்டி நம் ஊர்க் கார்களுக்கும் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் 2000-ஆம் ஆண்டிலேயே பெஜோ 607 காரில் இதைப் பொருத்திவிட்டார்கள்.

உள்ளே இருப்பது ஒரு பீங்கான் கட்டி. அதில் நீளவாக்கில் ஆயிரக்கணக்கான சிறு சதுரக் குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்வாய் அடைப்பு, பக்கத்துக் குழாய்க்குப் பின்வாய் அடைப்பு என்று மாறி மாறி அமைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்த புகைக்கு வேறு வழியில்லை. நுண்துளைச் சுவரை ஊடுருவித்தான் அடுத்த குழாய்க்குப் போக வேண்டும். வாயு போய்விடும், கரி சுவரில் தங்கிவிடும்.

தங்கிய கரியை அங்கேயே எரித்துவிடுவதுதான் இதன் சிறப்பு. புகையின் வெப்பம் 250 டிகிரியைத் தாண்டி நிலைத்தால், அதிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடு கரியை மெல்ல மெல்லத் தின்னும். அது போதாமல் கரி சேர்ந்துவிட்டால், எஞ்சினின் கணினி கொஞ்சம் கூடுதல் டீசலைப் பிந்திப் பீய்ச்சி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்குச் சூடாக்கும். பத்து, இருபது நிமிடத்தில் கரி எரிந்து தீரும். நிற்கும்போது ஆர்.பி.எம். சற்றே ஏறியிருப்பது, மைலேஜ் திடீரென்று குறைவது, சூடான உலோக வாடை, சாவியை எடுத்த பின்னும் ஃபேன் சுற்றுவது எல்லாம் இந்த வேலை நடப்பதன் அடையாளங்கள். பலர் இதைப் பழுது என்று பயந்து வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் நின்றால் கரி அப்படியே இருக்கும். எரியாத டீசலில் ஒரு பகுதி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் அளவு ஏறிக்கொண்டே போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இனி மலைக்கு வருவோம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது எஞ்சின் பாரம் சுமக்கிறது, புகை நன்றாகச் சூடாகிறது. வடிகட்டிக்கு நல்ல நேரம் அது. இறங்கும்போது நிலைமை தலைகீழ். கியரில் வண்டி இருக்க, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடும். எஞ்சின் வெறும் காற்றை உறிஞ்சித் தள்ள, அந்தக் காற்று வடிகட்டியின் சூட்டைக் கொண்டுபோய்விடும். அதற்காக யாரும் நியூட்ரலில் இறக்கிவிடாதீர்கள். மலையில் உயிரைக் காப்பது கியர்தான். வடிகட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதோடு, மூணாறு உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ முழுவேகம் எடுக்கும் முன் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கரி கூடுதலாகவே உண்டாகும்.

மஞ்சள் விளக்கு எரிந்தவுடன் செய்ய வேண்டியது எளிது. மூணாற்றுக்காரர் போடியோடு திரும்பிவிடாமல் தேனிப் பக்கம் சமவெளியில், ஒரு கியர் குறைத்து, 2,000 ஆர்.பி.எம்முக்கு மேல் இருபது நிமிடம் சீராக ஓட்டட்டும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்க்காரருக்குப் பாலக்காட்டு நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. விளக்கை மதிக்காமல் விட்டால் பிக்கப் போய், வண்டி தவழத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் நெடுஞ்சாலை உதவாது. ஒர்க் ஷாப்பில் ஸ்கேனர் பூட்டித்தான் எரிக்க வேண்டும். கரி அளவுக்கு மீறியிருந்தால் அதுவும் கூடாது, சூட்டில் பீங்கான் விரிசல் விட்டுவிடும். கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அடிக்கடி அடைத்தால் இன்ஜெக்டர், இ.ஜி.ஆர். வால்வு, டர்போ ஹோஸ், அழுத்தம் அளக்கும் சென்சார் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒரு கோளாறு இருந்தால் எத்தனை முறை எரித்தாலும் கரி திரும்ப வரும்.

“உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிடலாம், தொல்லை விட்டது” என்று சொல்பவர்களும் உண்டு. கேட்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அத்தகைய மாற்றத்துக்கு இடம் தருவதில்லை. அதைவிட முக்கியம், டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. ஏலக்காட்டுக்கு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போகும் பெண்கள் முன்னே போகும் வண்டிகளின் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். வடிகட்டியைப் பிடுங்கிய கார் அதில் தன் பங்கையும் சேர்க்கும்.

கரி எரியும், சாம்பல் எரியாது. விறகடுப்பு மூட்டியவர்களுக்கு இது தெரியும். வடிகட்டியில் சேரும் சாம்பல் பெரும்பாலும் எஞ்சின் ஆயிலில் உள்ள உலோகச் சேர்க்கைகளிலிருந்து வருகிறது. ஆகவே கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். விலை மலிவு என்று பழைய ஜீப்புக்கு ஊற்றுகிற ஆயிலை இதில் ஊற்றினால், எந்த நெடுஞ்சாலையும் அந்தச் சாம்பலைப் போக்காது.

கோடையில் இன்னொரு எச்சரிக்கை. மறையூர், சின்னார் பக்கம் மழைமறைவுப் பகுதி. புல் காய்ந்து கிடக்கும். கரி எரிந்துகொண்டிருக்கும் வண்டியின் அடிப்பாகம் அந்தப் புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். வெறும் மண்ணிலோ தாரிலோ நிறுத்துங்கள்.