சிரட்டையில் கேழ்வரகு

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, சாமியார் ஊதாவை விட்டு ரோஜா நிற உடுப்பில் பூசை வைக்கும் நாள். எங்கள் வீட்டில் அன்றுதான் சிரட்டை கழுவுவோம். மண் நிரப்பி, ஊறவைத்த கேழ்வரகைத் தூவினால், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் தயாராகிவிடும். பேத்திக்குப் பொறுமை கிடையாது. மறுநாளே விரலால் கிண்டி, "ஒண்ணும் வரல்ல பாட்டி" என்பாள்.

நானும் அப்படிக் கிண்டிப் பார்த்தவள்தான்.

2017 நவம்பர் 30, அந்திரேயா திருநாள். அவரும் வலைக்காரர். அன்றுதான் ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியது. ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் என் தம்பியும் ஒருவன். டிசம்பர் 3 திருவருகையின் முதல் ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட இந்தக் காத்திருப்புக் காலம், அந்த வருடம் 22 நாள்தான். அதைவிடக் குறைய வழியே இல்லை. அன்றைய நற்செய்தி மாற்கு 13: வீட்டுக்காரர் எந்நேரம் திரும்புவாரோ, விழித்திருங்கள் என்கிற பகுதி. மூன்று ராத்திரி கண் மூடாதவர்களுக்கா இது? எனக்குக் கோபம்தான் வந்தது. கடவுள் எங்கே இருக்கிறார் என்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

மீன் விற்கும் அக்கா ஒருத்தி அன்று ராத்திரி கட்டன் சாயா கொண்டுவந்தாள். ஆறுதல் என்று ஒரு வார்த்தை இல்லை. விடியும்வரை மணலில் என் பக்கத்தில் இருந்தாள். அவள் வீட்டுக்காரரும் கடலில்தான் இருந்தார்.

ஒன்பதாம் தேதி லட்சத்தீவிலிருந்து தம்பி போன் பண்ணினான். அவள் வீட்டுக்காரர் வரவேயில்லை.

தம்பி பிழைத்ததைக் கடவுள் செயல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? அந்தச் சாயாவைச் சொல்வேன். குடித்தபோது அது வெறும் சாயா. மாதங்கள் கழித்துத்தான் வேறாகத் தெரிந்தது. எம்மாவு ஊருக்குப் போன சீடர்கள்கூட, கூடவே நடந்தவர் யாரென்று அப்பம் பிட்டபோதுதானே கண்டார்கள். கண்டதும் அவர் மறைந்துவிட்டார்.

திரும்பிப் பார்க்க ஒரு முறை உண்டு. எங்கள் கடற்கரைக்கு வந்த சவேரியாரின் தோழர் இஞ்ஞாசியார், 1548-இல் அச்சான 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் அதை வகுத்திருக்கிறார்: நாளை மணி மணியாக நினைவில் ஓட்டிப் பார்ப்பது. சின்ன வயதில் எங்களுக்கு இது வெறும் பாவக்கணக்கு. அதன் முதல் படி நன்றி சொல்வது என்பதை ரிட்டயர் ஆன பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திருவருகை நாட்களில் ராத்திரி, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு வரி எழுதுவேன். நேற்று: பஸ்ஸில் ஒரு பையன் என் அரிசிப் பையை மடியில் வாங்கிக்கொண்டான். முந்தாநாள்: ஒன்றுமில்லை. இல்லாத நாளில் இல்லை என்றுதான் எழுதுகிறேன்.

சிரட்டைகளில் ஒன்று அந்த அக்காவுக்கு. இருபத்து மூன்றாம் தேதி மீன் கொடுக்க வரும்போது, புல் மடங்காமல் கூடையின் ஓரத்தில் செருகி எடுத்துப்போவாள்.